நூறு பேரா, ஆயிரம் பேரா? சைட்டுக்கு வந்தவங்க கணக்கு எடத்துக்கு எடம் மாறினா எங்க போய்ப் பாக்கறது

போன ஆடி மாசம் சந்தூர் பக்கத்துல ஒட்டு மாங்கன்னு நர்சரி வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் ராத்திரி ஒம்போதரைக்குப் போன் பண்ணி, "ஏந் தம்பி, நீ மாசாமாசம் அனுப்பற ரிப்போர்ட்ல அறுநூறு பேருன்னு போடற, எங்க மச்சான் பையன் சி-பேனல் தொறந்து பாத்துட்டு நாப்பதாயிரத்துக்கு மேலங்கறான், மீதி ஆளுங்கள எங்க ஒளிச்சு வச்சிருக்க"ன்னு கேட்டாரு. சிரிப்பு வந்துச்சு, ஆனா கேள்வி நியாயமானதுதான் (சி-பேனல்ங்கறது ஹோஸ்டிங்காரங்க சைட்டுக்குக் குடுக்கற கட்டுப்பாட்டுப் பக்கம், சர்வர் கணக்கு அங்கதான் தெரியும்). தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன சைட்டுங்களப் பாத்துக்கறது என் பொழப்பு. ஒகேனக்கல்ல ரூம் விடறவங்க, ஓசூர்ல பசுமைக்குடில் ரோஜா போடறவங்க, பாலக்கோட்டுல தக்காளி நாத்து விக்கறவங்கன்னு யாரா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு வாட்டி இந்தக் கேள்வி வந்துடும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும்னு ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. உங்க சைட்டுக்கு வர்ற மனுஷங்கள எண்ணற மெஷினு உலகத்துல எதுவுமே கெடையாது. சர்வர் லாக்னு ஒண்ணு இருக்குது, அது தனக்கு வர்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதும், எந்த ஐபி (கோரிக்கை வந்த நெட் முகவரி நம்பரு), எத்தன மணிக்கு, எந்த ஃபைலு, எந்த பிரவுசருன்னு பேரு சொல்லிக்குது, அவ்ளோதான் அதுக்குத் தெரியும். கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் டேக், அதாவது பக்கத்துக்குள்ள ஒட்டி வைக்கற ஒரு சின்ன நிரல், இன்னொரு வழி, அது வந்தவங்களோட பிரவுசருக்குள்ள ஓடி ஒரு குக்கிய (அடுத்த வாட்டி அடையாளம் தெரியறதுக்கு ஒரு சின்ன குறிப்பு) வச்சுட்டு கூகுளுக்குத் தகவல் அனுப்பும், ஓடலைன்னா எதுவும் தெரியாது. சைட்டுக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல நிக்கற கிளவுட்ஃப்ளேர்ங்கற சேவைய போட்டிருந்தா அது வாசல்ல நின்னு தன் பங்குக்கு எண்ணும். ஒருத்தன் கோரிக்கைய எண்றான், ஒருத்தன் குக்கிய எண்றான், ஒருத்தன் ஐபிய எண்றான். மூணும் ஒண்ணா வந்தாத்தான் சந்தேகப்படணும்.

சி-பேனல்ல ஆயிரக்கணக்கு, அனலிட்டிக்ஸ்ல நூத்துக்கணக்கு

பத்துல எட்டு சண்ட இங்கதான் ஆரம்பிக்கும். மொதல்ல பாக்க வேண்டியது எந்தக் கட்டத்துல இருக்கற நம்பர பாக்கறீங்கன்னு. சி-பேனல்ல சர்வர் லாக்க கூட்டிக் காட்டற ஏடபிள்யூஸ்டாட்ஸ தொறந்தா யூனிக் விசிட்டர்ஸ், விசிட்ஸ், பேஜஸ், ஹிட்ஸ்னு வரிசையா நிக்கும், கண்ணு நேரா பெரிய நம்பருக்குத்தான் போகும், அது ஹிட்ஸ். ஹிட்ஸ்ங்கறது ஃபைல் கணக்கு. நர்சரி அண்ணனோட முகப்புப் பக்கத்துல அல்போன்சா, செந்தூரா, இமாம்பசந்த், மல்கோவான்னு ரகத்துக்கு ஒரு போட்டோன்னு 30 படம் இருக்குதுன்னு வைங்க, ஒருத்தர் ஒரு வாட்டி அந்தப் பக்கத்தத் தொறந்தா பக்கத்துக்கு 1, படத்துக்கு 30, அப்பறம் டிசைன் ஃபைலு, எழுத்துரு ஃபைலுன்னு நாப்பது ஹிட்ஸ் கிட்ட ஓடிடும். அண்ணன்கிட்ட நான் சொன்னது இதுதான்: அண்ணா, மண்டிக்கு ஒரு டெம்போ வந்துச்சுன்னா நீங்க வண்டிய எண்ணுவீங்களா, கிரேடு பெட்டிய எண்ணுவீங்களா, காய எண்ணுவீங்களா? ஹிட்ஸ் காய் கணக்கு, பேஜஸ் கிரேடு கணக்கு, விசிட்ஸ் வண்டி கணக்கு. "அப்ப ஓட்டுனவன் யாருன்னு?"னு கேட்டாரு. அதுதான் அண்ணா யூனிக் விசிட்டர்ஸ், அங்கதான் எல்லாருமே குத்துமதிப்பு.

சரி, ஹிட்ஸ விட்டுட்டு விசிட்ஸையே பாத்தாலும் சி-பேனல் கணக்கு ஜாஸ்தியாத்தான் இருக்கும். காரணம் பாட், அதாவது ஆளில்லாம தானா சைட்டு சைட்டா மேயற புரோகிராம். கூகுள்பாட், பிங்பாட், தேடல்ல மேல வர வழி சொல்ற எஸ்இஓ கம்பெனிங்களோட அரெஃப்ஸ்பாட், செம்ரஷ்பாட், இப்ப புதுசா ஏஐ கம்பெனிங்களோட ஜிபிடிபாட்டுன்னு ராத்திரி பகலா வந்து மேஞ்சுட்டுப் போகும். வேர்ட்பிரஸ் சைட்டா இருந்தா லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலையும் யாராச்சும் தட்டிக்கிட்டே இருப்பாங்க, கதவு தொறந்திருக்கான்னு பாக்கறவனுங்க. இதுல முக்காவாசிப் பேரு ஜாவாஸ்கிரிப்ட ஓட்ட மாட்டாங்க, அதனால அனலிட்டிக்ஸ் கண்ணுல படவே மாட்டாங்க, ஆனா சர்வர் லாக்ல வரி விழும். ஏடபிள்யூஸ்டாட்ஸ் தனக்குத் தெரிஞ்ச பாட் பட்டியல வச்சு கொஞ்சத்தப் பிரிச்சு 'நாட் வியூட் டிராஃபிக்'னு தனியா போட்டுடும், ஆனா குரோம் பேரச் சொல்லிக்கிட்டு வர்ற திருட்டு பாட்ட அதால பிடிக்க முடியாது. பக்கத்துலயே வெபலைசர்னு இன்னொரு லாக் கணக்குக் கருவி இருக்கும், அது பல வருஷமா புதுப்பிக்காத பழைய கட்ட, பாட்டா மனுஷனான்னு பெருசா பிரிக்காம எல்லாத்தையும் கூட்டிடும். நான் அத தொறக்கறதையே விட்டுட்டேன்.

இன்னொரு கூத்து. சைட்டு விழுந்தா மெசேஜ் வர்ற மாதிரி கண்காணிப்பு சேவை எதாச்சும் போட்டு வச்சிருக்கீங்களா? 5 நிமிஷத்துக்கு ஒரு வாட்டி அது வந்து எட்டிப் பாத்துச்சுன்னா ஒரு நாளைக்கு 288 வாட்டி, 30 நாளைக்கு 8,640. சின்ன சைட்டுக்கு அதுவே மாசத்து பேஜஸ் கணக்குல பெரும்பங்கு. ஒகேனக்கல் ரூம் சைட்டு ஒண்ணுல நானே போட்டு வச்சுட்டு மறந்துபோய், மூணு மாசம் "நல்லா ஏறுதுங்க"ன்னு ஓனருக்குச் சொல்லிட்டு இருந்தேன். அசிங்கம்.

என்ன பண்ணலாம்: லாக் ஃபைல எறக்கி கோஅக்சஸ் மாதிரி லாக் படிக்கற கருவி ஒண்ணுல போட்டு, ரொம்ப வாட்டி வந்த முதல் இருவது ஐபியையும் பிரவுசர் பேரையும் பாருங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு பக்கம் தொறக்கறவன், படம் ஒண்ணுகூட எறக்காம பக்கத்த மட்டும் எடுக்கறவன், ராத்திரி மூணு மணிக்கு நானூறு பக்கம் படிக்கறவன் எவனும் மாங்கன்னு வாங்க வந்தவன் இல்ல.

எல்லா பாட்டையும் கழிச்சாச்சு, ஆனாலும் அனலிட்டிக்ஸ் கம்மியாவே இருக்குது

இருக்கும். பிரேவ் பிரவுசர் கூகுள் அனலிட்டிக்ஸ சொல்லாமலே தடுத்துடும், யுபிளாக் ஆரிஜின் மாதிரி விளம்பரத் தடுப்பு போட்டிருக்கறவங்ககிட்டயும் டேக் ஓடாது. பெங்களூருக்குத் தெனமும் போயிட்டு வர்ற ஓசூர் ஐடி பசங்க உங்க சைட்டுக்கு ஜாஸ்தி வந்தா இந்த ஓட்ட பெருசாத் தெரியும், தக்காளி நாத்து சைட்டுல அவ்ளவா தெரியாது.

ஆனா நம்ம பக்கத்துல இத விடப் பெரிய காரணம் மெதுவான நெட்டு. வத்தல்மலை மேலயோ அஞ்செட்டி காட்டுப் பக்கமோ ஒரு கோடு சிக்னல்ல ஒருத்தர் லிங்க அமுக்கறாரு, பக்கம் வர ஆரம்பிக்குது, சர்வர் லாக்ல வரி விழுந்தாச்சு, ஆனா மேல போனுல எடுத்த 4 எம்பி போட்டோ அப்டியே போட்டிருக்கீங்க, அது எறங்கறதுக்குள்ள மனுஷன் வெறுத்துப்போய் மூடிட்டாரு. டேக் ஓடவே இல்ல. லாக்குக்கு அவரு வந்தவரு, அனலிட்டிக்ஸுக்கு பொறக்கவே இல்லாதவரு. சரி பண்ணணும்னா டேக்க பக்கத்தோட தலைப்பகுதியில மேல போடுங்க, படத்த சுருக்குங்க. ரெண்டாவத பண்ணினா கணக்கு மட்டுமில்ல, யாவாரமும் கூடும்.

அனலிட்டிக்ஸுக்குள்ளயே ஒரு குழப்பமும் இருக்குது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோட கணக்கெடுக்கறத நிறுத்தினதுல இருந்து எல்லாரும் புது கூகுள் அனலிட்டிக்ஸான ஜிஏ4-லதான் இருக்கோம், அதோட வழக்கமான ரிப்போர்ட்ல யூசர்ஸ்னு காட்டறது மொத்த யூசர்ஸ் இல்ல, ஆக்டிவ் யூசர்ஸ். மொத்தம் வேணும்னா டோட்டல் யூசர்ஸ்னு தனியா எடுக்கணும். பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "குறைஞ்சுபோச்சே"ன்னு கவலப்படாதீங்க, அளக்கற படியே வேற.

பேஜ் வியூ மட்டும் கிட்டத்தட்ட டபுள், ஆளு எண்ணிக்கை சாதாரணமா இருக்குது

இது மட்டும் நெஜமான கோளாறு. டேக் ரெண்டு வாட்டி ஓடுது. யாரோ ஒருத்தர் தீம் ஹெடர்ல (சைட்டு டிசைனோட தலைப்பகுதி) ஒட்டியிருப்பாரு, அப்பறமா வந்தவரு ப்ளகின்லயும் (சைட்டோட சேத்துக்கற கூடுதல் மென்பொருள்) போட்டிருப்பாரு, இல்லைன்னா கூகுளோட டேக் மேனேஜர்ல ஒண்ணு இருக்கும். குக்கி ஒண்ணேதான், அதனால யூசர்ஸ் மாறாது, வியூஸ் மட்டும் ரெண்டால பெருக்கின மாதிரி வரும். பக்கத்த கம்ப்யூட்டர்ல தொறந்து, டெவலப்பர் கருவியில நெட்வொர்க் பகுதிக்குப் போய் கலெக்ட்னு தேடுங்க, ஒரு வாட்டி பக்கம் தொறந்ததுக்கு பேஜ் வியூ ரெண்டு போச்சுன்னா குத்தவாளி கெடச்சாச்சு. ஒண்ண தூக்கிடுங்க, ஆனா எந்தத் தேதியில தூக்கினீங்கன்னு எழுதி வைங்க, அடுத்த மாசம் ஓனரு "ஏன் பாதியாயிடுச்சு"ன்னு கேக்கும்போது அது வேணும்.

ஒரே ஐபியில கூட்டம், இல்லைன்னா ஒரே ஆளு பத்து ஐபியில

ஐபிய வச்சு ஆள எண்ணறது நம்ம ஊருல ரொம்ப நாளா செல்லாக்காசு. மொபைல் கம்பெனிங்க பழைய வகை ஐபியான ஐபிவி4 முகவரி ஒண்ண நெறய போனுக்குப் பங்கு போட்டுக் குடுக்கறாங்க. காரிமங்கலத்துல பஸ்ஸுக்கு நிக்கற பத்துப் பேரு உங்க சைட்டத் தொறந்தா லாக்ல எல்லாரும் ஒரே ஐபியா வந்து ஏடபிள்யூஸ்டாட்ஸுக்கு ஒரே ஆளாத் தெரியலாம். காலேஜ் லேப்ல 60 சிஸ்டத்துல பசங்க ஒண்ணா தொறந்தாலும் அதே கததான், லாக்குக்கு ஒருத்தரு, அனலிட்டிக்ஸுக்கு 60 பேரு. எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஒரே ஆளு வீட்டு வைஃபையில காலைல, மொபைல் டேட்டாவுல மத்தியானம், கடை வைஃபையில சாயந்தரம் பாத்தா ஐபி மூணு, ஆளும் மூணு. புது வகையான ஐபிவி6-னா முகவரி அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், சொல்லவே வேணாம்.

அப்ப குக்கி ஒழுங்கான்னு கேட்டா, அதுக்கும் அதோட வியாதி இருக்குது. ஃபேஸ்புக்குல பாத்த லிங்க அமுக்கினா ஃபேஸ்புக்கோட சொந்த பிரவுசர்ல தொறக்கும், அப்பறம் அதே ஆளு குரோம்ல வந்தா புது குக்கி, ரெண்டு பேரு. இன்காக்னிட்டோவுல தொறக்கறவரு ஒவ்வொரு வாட்டியும் புது ஆளு. ஐபோன்காரங்கன்னா சஃபாரி 2019-ல இருந்து ஜாவாஸ்கிரிப்ட் வச்ச குக்கிய 7 நாள்ல அழிச்சுடுது, பத்து நாளைக்கு ஒரு வாட்டி வர்ற பழைய கஸ்டமர் ஒவ்வொரு தடவையும் புது விசிட்டரா பதிவாவாரு.

இ-சேவை மையத்த நெனச்சுப் பாருங்க. பென்னாகரத்துல ஒரு பையன் ஒரே கம்ப்யூட்டர்ல உக்காந்துக்கிட்டு வர்ற விவசாயிங்களுக்கெல்லாம் உங்க சைட்டுல நாத்து வெல பாத்துச் சொல்றான். இருவது விவசாயிங்க, குக்கி ஒண்ணு, ஐபி ஒண்ணு. எல்லா மெஷினும் ஒருமனசா "ஒரு ஆளு"ங்கும், எல்லாமே தப்பு. இதுக்கு வைத்தியம் எதுவும் கெடையாது, தெரிஞ்சு வச்சுக்கறதோட சரி.

நாளைக் கூட்டினா மாசம் வரல

வராது, வரக் கூடாது. தருமபுரியிலருந்து கிருஷ்ணகிரிக்கு தெனமும் பஸ்ல போற டீச்சரம்மா மாசத்துல 24 டிக்கெட் எடுப்பாங்க, ஆளு ஒருத்தருதான். தின யூனிக்க கூட்டாதீங்க, அவ்ளோதான். தினசரி விசிட்டையோ செஷனையோ (விசிட்டுக்கு அனலிட்டிக்ஸ் வச்ச பேரு) மாசத்துக்குக் கூட்டினா பெரிய தப்பு வராது.

செஷனும் விசிட்டும் ஏன் ஒத்துப்போகலைன்னா, ஒருத்தர் வெலப்பட்டியலப் பாத்துட்டு சாப்புடப் போயி 45 நிமிஷம் கழிச்சு அடுத்த பக்கத்த அமுக்கறாரு. அனலிட்டிக்ஸுக்கு 30 நிமிஷம் சும்மா இருந்தாலே அந்த செஷன் முடிஞ்சுது, இது ரெண்டாவது. ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒரு மணி நேரம் காத்திருக்கும், அதுக்கு இன்னும் மொத விசிட்டேதான்.

திங்கக்கிழம கூட்டம் ஒண்ணுல ஞாயித்துக்கிழமையாக் காட்டுது

டைம் ஜோன். சர்வர் லாக்ல நேரத்துக்குப் பின்னாடி பிளஸ் போட்டு நாலு சைபர் இருந்தா அது உலக நேரம், நம்மள விட 5.30 மணி நேரம் பின்னாடி, ராத்திரி 12-ல இருந்து விடியக்காலம் 5.30 வரைக்கும் வந்தவங்க முந்தின நாள் கணக்குல போயிடுவாங்க. மண்டிக்காரங்களும் பூக்காரங்களும் அந்த நேரத்துல முழிச்சிருக்கறவங்க, அதனால நம்ம பக்கத்து சைட்டுக்கு இது சின்ன விஷயமில்ல. அனலிட்டிக்ஸ் கணக்கு தொடங்கும்போது டைம் ஜோன கவனிக்காம விட்டா அமெரிக்க பசிபிக் நேரத்துல உக்காந்துருக்கும், மாங்கா சீசன் நடக்கற கோடையில அவங்களுக்கு நாள் பொறக்கறது நமக்கு மத்தியானம் 12.30-க்கு. அட்மின்ல போய் இந்திய நேரத்துக்கு மாத்துங்க, ஆனா மாத்தினதுக்கு அப்பறம் வர்ற கணக்குதான் மாறும், பழசு பழசுதான். கூகுள் தேடல் கணக்கு காட்டற சர்ச் கன்சோலோட தினக்கணக்கும் பசிபிக் நேரம்தான், அத நம்மால மாத்த முடியாது. அதோட அது எண்றது கூகுள் தேடல்ல விழுந்த கிளிக்க மட்டும், வாட்ஸ்அப்ல வந்தவங்க அதுல வரவே மாட்டாங்க, அதையும் செஷனையும் ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல.

விளம்பரத்துல 500 கிளிக், சைட்டுல 300 பேரு

காசு போன கடுப்புல எல்லாரும் மோசடின்னுதான் ஆரம்பிப்பாங்க. இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி பாருங்க: ஃபேஸ்புக் விளம்பரத்துல லிங்க் கிளிக்ஸ் வேற, லேண்டிங் பேஜ் வியூஸ் வேற, ரெண்டாவதுதான் பக்கம் நெஜமா தொறந்த கணக்கு, அத வச்சு ஒப்பிடுங்க. விரலு பட்டு அமுங்கினது, அமுக்கிட்டு பின்னாடி வந்தது, ரெண்டு வாட்டி அமுக்கினது எல்லாம் கிளிக்தான். லேண்டிங் பேஜ் வியூஸும் அனலிட்டிக்ஸும் ஓரளவு கிட்டக் கிட்ட இருந்து கிளிக் மட்டும் தூரமா நின்னா, 4 எம்பி போட்டோ கதைக்கே திரும்பப் போங்க.

கிளவுட்ஃப்ளேர் போட்டதுல இருந்து எல்லாமே மாறிடுச்சு

படம், டிசைன் ஃபைலெல்லாம் அது தன்கிட்டயே வச்சுக் குடுத்துடும், சர்வருக்கு வராது, அதனால சி-பேனல் ஹிட்ஸ் தடால்னு விழும். பக்கத்த அது வழக்கமா சேத்து வைக்காது, அதனால பேஜஸ் அவ்ளவா விழக்கூடாது. ரெண்டும் சேந்து விழுந்தா யாரோ பக்கத்தையும் கேச் பண்ண, அதாவது சேத்து வச்சுக் குடுக்க, சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். லாக்ல திரும்பத் திரும்ப அதே கொஞ்சம் ஐபி மட்டும் வருதுன்னா அது விசிட்டர் இல்ல, கிளவுட்ஃப்ளேரோட ஐபி, ஹோஸ்டிங்காரங்ககிட்ட உண்மையான ஐபிய லாக்ல எழுத வைக்கச் சொல்லுங்க. கிளவுட்ஃப்ளேர் டாஷ்போர்டு காட்டற யூனிக் விசிட்டர்ஸ் ஐபி கணக்கு, பாட்டும் சேத்து. அத ஓனருக்கு அனுப்பிடாதீங்க, அப்பறம் எறங்கி வர முடியாது.

இதே மாதிரிதான், வேர்ட்பிரஸ்ல "இந்தப் பக்கத்த இத்தன பேரு படிச்சாங்க"ன்னு காட்டற ப்ளகின் கேச் ப்ளகின் போட்டதும் செத்துப் போகும். பக்கம் கேச்ல இருந்து போகுது, சர்வர்ல எண்ணற பிஎச்பி நிரல் ஓடறதே இல்ல, எங்கருந்து எண்ணும்? ஜாவாஸ்கிரிப்ட் வழியா எண்ணற செட்டிங் இருந்தா மாத்துங்க.

கிருஷ்ணகிரி கடைக்கு சென்னைக்காரங்களும் அமெரிக்காக்காரங்களும் வர்றாங்க

சென்னை, பெங்களூருன்னு காட்டறது மொபைல் நெட்டோட ஐபி அங்க பதிவாகியிருக்கறதால, ஆளு ஊத்தங்கரையிலயே உக்காந்திருப்பாரு. அமெரிக்காவுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊரு வந்தா அது டேட்டா சென்டருங்க நெறஞ்ச ஊரு, ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டத் தெரிஞ்ச பாட்டா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி.

அனலிட்டிக்ஸ் படுத்துடுச்சு, ஆனா போன் அடிச்சுக்கிட்டே இருக்குது

நேத்து இன்னைக்கு கணக்கு மட்டும் கம்மின்னா விடுங்க, ஜிஏ4 கணக்கு முழுசா சேர 24-ல இருந்து 48 மணி நேரம் ஆகும். உங்க போன்லயே சைட்ட தொறந்து அனலிட்டிக்ஸோட ரியல்டைம் பக்கத்துல பாருங்க, நீங்க தெரிஞ்சா டேக் உயிரோட இருக்குது. தெரியலைன்னா தீம் அப்டேட்ல ஹெடர்ல இருந்த டேக் அழிஞ்சிருக்கும், நர்சரி சைட்டுலயே எனக்கு ஒரு வாட்டி ஆச்சு. பதினோரு நாள் கவனிக்கல. கண்டுபிடிச்சது எப்டின்னா, மாசாமாசம் ஒரு நோட்டுல ரெண்டு நம்பர் எழுதுவேன், பாட்ட கழிச்ச லாக் விசிட்டு ஒண்ணு, அனலிட்டிக்ஸ் செஷன் ஒண்ணு, ரெண்டாவத மொதலால வகுத்து பக்கத்துல போட்டுடுவேன். ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல, அந்த வகுத்த நம்பரு மாசத்துக்கு மாசம் பெருசா ஆடாம இருந்தா போதும், நான் நிம்மதியாத் தூங்குவேன். அந்த மாசம் அது சட்டுனு சரிஞ்சு நின்னுச்சு, லாக்கு அப்டியே இருந்துச்சு. ரெண்டும் சேந்து சரிஞ்சிருந்தா நெஜமாவே ஆளு வரலைன்னு எடுத்திருப்பேன், ஒண்ணு மட்டும் சரிஞ்சதால மெஷின்லதான் கோளாறுன்னு தெரிஞ்சுது. லாக்கு மட்டும் ஏறியிருந்தா புது பாட், அனலிட்டிக்ஸ் மட்டும் ஏறியிருந்தா டபுள் டேக்கோ ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற பாட்டோன்னு அந்தப் பக்கம் போய்த் தேடுவேன்.

சந்தூர் அண்ணனுக்கு இவ்ளோத்தையும் ஒரு மணி நேரம் நேர்ல உக்காந்து சொன்னேன். டீ ரெண்டு வாட்டி வந்துச்சு. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "சரி தம்பி, ரிப்போர்ட்ல உன் அறுநூறையே போடு, அது எனக்கு. ஆனா மாங்கனி கண்காட்சியில ஸ்டால் போடறப்ப பேனர்ல அந்த நாப்பதாயிரத்தத்தான் போடுவேன், காய் கணக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது"ன்னாரு.